காத்திருக்கக் கற்றுத்தரும் ஒரு ஜெபக் குறிப்பேடு

தேவசித்தத்தை அறிந்து நடக்க விரும்புவோருக்கென்று தயாரிக்கப்பட்ட ஒரு ஜெபக் குறிப்பேட்டை நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இது அன்றாடத் தியானப் புத்தகம் அல்ல. வேலை, திருமணம், ஊழியம் என்று தீர்மானிக்க வேண்டிய காரியம் ஒன்று எதிரே நிற்கும்போது மட்டும் திறக்க வேண்டியது.

ஒவ்வொரு காரியத்துக்கும் உரிய முதல் பக்கத்தின் தலைப்பில், 'இதில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்களா?' என்று அச்சிட்டிருக்கிறார்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்று ஜெபிக்க உட்கார்ந்த நான், சற்றும் யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினேன். தேதி மட்டும் போடாத ராஜினாமாக் கடிதம் அப்போதே என் கணினியில் இருந்தது. 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுத ஐந்து நிமிடங்கள் ஆயின. அதே பக்கத்தின் கீழே எரேமியா 42-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்கிறார்கள். யூதாவில் மீந்திருந்த ஜனங்களின் படைத்தலைவனான யோகனானும் அவனோடிருந்தவர்களும், நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தருடைய சொல்லுக்குக் கீழ்ப்படிவோம் என்று தீர்க்கதரிசி எரேமியாவிடம் வாக்குக் கொடுத்தபோது, எகிப்துக்குப் போகும் எண்ணத்தோடு ஏற்கெனவே பெத்லகேம் அருகே வந்து தங்கியிருந்தார்கள். போக வேண்டாம் என்ற பதில் வந்ததும் தீர்க்கதரிசியையே பொய்யன் என்றார்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு இதை வாசிப்பது சுகமான அனுபவம் அல்ல.

அந்தப் பதில் வர 10 நாள் ஆயிற்று என்பதால், அடுத்த பக்கங்களில் 10 நாட்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். என் முதல் மூன்று நாட்களின் பக்கங்களை இப்போது புரட்டினால் மேலாளரைப் பற்றிய புகார்கள்தான் இருக்கின்றன, ஜெபம் என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. ஏழாம் நாளில்தான் 'கோபம் குறைந்திருக்கிறது' என்று எழுதியிருக்கிறேன். என் கோபத்தை நான் ஆவியானவரின் ஏவுதல் என்று எண்ணியிருந்தது அன்றைக்குத்தான் புரிந்தது. ஆனால், 10 நாளில் பதில் வந்தே தீரும் என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது. அந்த எச்சரிக்கையை அச்சிட்டிருக்கலாம்.

குறிப்பேட்டின் பெரிய குறை கடைசிப் பக்கம். அங்கே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டங்கள். ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பெலிஸ்தர் முதல்முறை போருக்கு இறங்கியபோது தாவீது ராஜா கர்த்தரிடம் கேட்டான், 'போ' என்ற பதில் கிடைத்தது, வென்றான்; அதே பள்ளத்தாக்கில் அதே எதிரி மறுபடியும் வந்தபோது, பழைய பதிலே போதும் என்றிராமல் அவன் திரும்பவும் கேட்டதனால்தான், நேராகப் போகாமல் பின்னால் சுற்றி, முசுக்கட்டைச் செடிகளின் நுனிகளில் இரைச்சல் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும் என்ற புதிய வழி அவனுக்குத் தெரிந்தது. இந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

'அடையாளம்' என்றொரு பத்தியும் தேவையற்றது. கிதியோன் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டது, என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லப்பட்ட பிறகுதான் என்பதைத் தயாரித்தவர்கள் கவனிக்கவில்லை போலும். மூப்பர்களின் ஆலோசனையை எழுத இடமில்லை. தாளும் மெல்லியது, மை மறுபக்கம் ஊறுகிறது.

இத்தனை குறைகள் இருந்தும் இரண்டாவது பிரதி ஒன்றை வாங்கிவிட்டேன், முதல் பக்கத்துக் கேள்விக்காகவே. கடைசிப் பக்கத்தின் இரண்டு கட்டங்களையும் குறுக்கே அடித்துவிட்டு, 'எப்படி? எப்போது?' என்று என் கையாலேயே எழுதிக்கொள்கிறேன்.