வி.எம் அமைத்துத் தருபவர்கள் "சுவிட்ச் பழுது" என்றால் உடனே பணம் கொடுத்துவிடாதீர்கள்

சின்னதாக ஒரு லினக்ஸ் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். மாணவர்களுக்காக இரண்டு சர்வர்களில் ஆறு வி.எம் (சர்வருக்குள் தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் கணினி) அமைத்துத் தரும் வேலையை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தேன். பெயர் வேண்டாம். நீங்களும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதல் நாளே தொல்லை. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே கர்சர் அப்படியே நிற்கும். கொஞ்ச நேரத்தில் தானாக உயிர் வரும். அதே நொடியில் பக்கத்துப் பையன், "சார், இப்ப எனக்கு நின்னுடுச்சு" என்பான். ஒரே ஒரு வி.எம்மை மட்டும் ஓட்டினால் எந்தக் கோளாறும் இல்லை. இதையும் அவர்களிடம் தெளிவாகச் சொன்னேன். விஷயம் தெரிந்தவருக்கு இந்த ஒரு குறிப்பே போதும்.

வந்தவர் எதையும் திறந்து பார்க்கவில்லை. கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டியைக் காட்டி, "சுவிட்ச் பழசு சார், லோடு தாங்கல" என்றார். புது சுவிட்ச் 18,500 ரூபாய். சரியாகவில்லை. அப்புறம் கேபிள் மாற்ற 4,200. அதற்கும் சரியாகவில்லை. அடுத்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று ஒரு தாளை நீட்டியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அன்று இரவு என் கணினியிலிருந்து ஆறுக்கும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்பிவிட்டு, எந்த ஐபிக்கு எந்த மேக் என்று காட்டும் ஆர்ப் பட்டியலைப் பார்த்தேன். மேக் என்பது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்; ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்க வேண்டும். ஆறு ஐபி முகவரிகள் வேறு வேறு. எதிரே ஆறு வரியிலும் ஒரே மேக் முகவரி: 52:54:00:12:34:56.

இது வி.எம்களை ஓட்டும் கியூஇமு மென்பொருளின் இயல்பு எண். வி.எம்மைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் மேக் முகவரி எழுதாவிட்டால் முதல் நெட்வொர்க் கார்டுக்கு இதைத்தான் கொடுக்கும். ஒரே ஸ்கிரிப்டை ஆறு முறை நகலெடுத்திருக்கிறார்கள். எந்த மேக் எந்த போர்ட்டில் (கேபிள் செருகும் துளை) இருக்கிறது என்று சுவிட்ச் குறித்து வைத்துக்கொள்ளும். இரண்டு போர்ட்டிலிருந்து ஒரே மேக் பேசினால், கடைசியாகப் பேசிய பக்கத்துக்கே எல்லாம் போகும். புது சுவிட்சும் அதையேதான் செய்யும். அதன் வேலையே அது.

52:54:00 என்ற முன்பகுதியை வைத்துக்கொண்டு பின்பகுதியை ஆறுக்கும் வேறு வேறாக எழுதி, நிறுத்தித் தொடங்கினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற வி.எம் மென்பொருளில் குளோன் (நகல்) செய்பவர்கள் எல்லா அடாப்டருக்கும் புது மேக் உருவாக்கும் தேர்வைக் கட்டாயம் எடுங்கள். உபுண்டு லினக்ஸில் நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளான் கோப்பில் பழைய மேக் எழுதியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நெட்வொர்க்கே எழாது. ஐபியைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி வைத்திருந்தால், ஒவ்வொரு லினக்ஸுக்கும் உரிய அடையாள எண்ணான மெஷின்-ஐடியும் நகலாகியிருக்கிறதா என்று பாருங்கள். மேக் வேறாக இருந்தும் இரண்டு உபுண்டு வி.எம்முக்கு ஒரே ஐபி வர அதுவும் ஒரு காரணம். எனக்கு ஆறிலும் எஸ்.எஸ்.எச் சாவியும் (தொலைவிலிருந்து உள்நுழையும்போது அது எந்தக் கணினி என்று காட்டுவது) ஒன்றாகவே இருந்தது. பாதுகாப்பு விஷயத்தில் இப்படியா வேலை செய்வார்கள்? அதையும் நானே புதிதாக உருவாக்கினேன்.

கடைசித் தவணை கொடுக்கும் முன் எல்லா வி.எம்மையும் ஒன்றாக ஓடவிட்டு ஆர்ப் பட்டியலை நீங்களே பாருங்கள். நான் பார்க்காமல் கொடுத்துவிட்டேன்.

படம் பிடித்து அனுப்பிக் கேட்டதற்கு, "அது சாஃப்ட்வேர் சார், எங்க வேலையில வராது" என்றார்கள். பணம் திரும்பவில்லை. பழைய சுவிட்சையே மறுபடி மாட்டினேன். மூன்று மாதமாக வகுப்பு அதில்தான் நடக்கிறது.