சேஃப் மோடா, ஆஃப்லைன் ஸ்கேனா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஜெராக்ஸ் எடுக்கப் பென் டிரைவ் கொண்டுபோய் வந்தபின், அழித்தாலும் திரும்ப முளைக்கும் கோப்பு வீட்டுக் கணினியில் ஒட்டிக்கொள்வதுண்டு. இயங்கும் வைரஸ் தன் கோப்பை அழிக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பதோ, மறுபடி எழுதிவிடுவதோ காரணம். அதை நீக்க விண்டோஸிலேயே இரண்டு வழிகள்.

ஒன்று சேஃப் மோடு, அதாவது தேவையானவை மட்டும் இயங்க விண்டோஸைத் திறப்பது. அதற்கு ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட், பிறகு 4-ஐ அழுத்துங்கள். கோப்பு இருக்கும் இடம் தெரிந்தால் அழித்துவிடலாம். வழக்கமான விண்டோஸுக்குத் திரும்பியதும், நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் அது பதிந்துவைத்த வேலையையும் நீக்குங்கள். விட்டால் மறுபடி வரும். ஆனால் விண்டோஸுக்குள் ஆழமாக ஒளிந்துகொள்ளும் ரூட்கிட் வகை வைரஸ் சேஃப் மோடிலும் விழித்திருக்கக்கூடும்.

அதனால் முதலில் இரண்டாவது வழியான, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனையே செய்யச் சொல்வோம். விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் இருக்கிறது. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்பும் முன்பே வைரஸைத் தேடுகிறது. சுமார் 15 நிமிடம். திறந்திருப்பதைச் சேமித்து, லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள். பென் டிரைவைத் தனியாக ஸ்கேன் செய்யுங்கள்.