டாலி பிரைம்: போன வருடக் கணக்கை வைத்துச் சரக்கு எடுக்கலாமா?

சின்ன ஜவுளிக்கடைக்கு டாலி பிரைம் என்ற இந்தக் கணக்கு மென்பொருள் தாராளமாகப் போதும். லாப நட்டக் கணக்கைத் திறந்து ஆல்ட்+சி அழுத்தி, பழைய தேதிகளைக் கொடுத்தால் போன வருடம் பக்கத்திலேயே வந்து நிற்கும். ஆனால் அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. பண்டிகைக்கு முந்தைய 45 நாட்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

தேங்கிய சரக்குக்கு, எது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று காட்டும் ஏஜிங் அனாலிசிஸ் அறிக்கை அருமை. தள்ளுபடி போட்டு விற்றுத் தள்ளவேண்டியது எது என்று முகத்திலடித்தாற்போல் காட்டும். பில்லில் சேலை, வேட்டி எல்லாவற்றையும் ‘ஜவுளி’ என்று ஒரே பெயரில் ஏற்றியிருந்தால் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. சரக்கு தீர்ந்து வெறுங்கையோடு திரும்பிய வாடிக்கையாளர் எந்த அறிக்கையிலும் வரமாட்டார். அதை எழுதிவைக்கக் கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்.