0:52:34 பாக்கெட்: சோள விதைக்கு வாங்கலாமா?

சொட்டுநீர்ப் பாசனக்காரர்கள் வாங்குகிற 0:52:34 உரத்தை (தழைச்சத்து இல்லை, மணிச்சத்து 52, சாம்பல்சத்து 34 சதவீதம்) நான் வாங்குவது விதைக்கு: வறட்சி தாங்க, விதைக்கும் முன் இதன் கரைசலில் ஊறவைத்து உலர்த்த. மானாவாரிச் சோளத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் இதுதான். பாக்கெட்டில் அதன் இன்னொரு பெயரான மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் என்று இருப்பதால் கடைப் பையன் "அது இல்லண்ணே" என்று கையை விரிப்பான். நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், எடுத்துத் தருவான்.

சரக்கு சுத்தம். தண்ணீரில் போட்டதும் கரைகிறது, அடியில் கசடு இல்லை. குறை பாக்கெட்டின் அளவில்தான். லிட்டருக்கு 20 கிராம், கிலோ விதைக்கு 350 மில்லி கரைசல். ஏக்கருக்கு 6 கிலோ விதை என்றால் மொத்தம் 42 கிராம் இந்த உர உப்பு போதும். 1 கிலோ பாக்கெட் ஊருக்கே காணும்! நாலு பேர் பங்கு போட்டு வாங்குவது நல்லது. மிஞ்சினால் மிளகாய்க்குத் தெளிக்கலாம். விதைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று உறையில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஊற வேண்டியது 6 மணி நேரம். ராத்திரி முழுக்கப் போட்டு வைக்கிறவர்கள் உண்டு; முளை எட்டிப் பார்த்துவிட்டால் உலர்த்தும்போது அது கருகிப்போகும். விதைக்குள் வேலை தொடங்கியிருக்கணும், வேர் வெளியே வந்திருக்கக் கூடாது. ஊறப்போடும் முன்னே எடை போட்டு வைத்து, நிழலில் சாக்கில் பரப்பி, பழைய எடைக்கு வரும்வரை உலர்த்துங்கள். உப்பைவிட இந்த உலர்த்தலில்தான் காரியம் இருக்கிறது. புரட்டாசி மேகமூட்டத்தில் மின்விசிறி இல்லாமல் முடியாது.

எங்கள் கரிசலில் மழைக்கு முன்னாலேயே விதைத்துவிடுவோம். ஐப்பசி மழை விழுந்ததும் இந்த விதை ஒரே சீராக முளைத்தது, சாலில் பொக்கு, அதாவது முளைக்காத இடம், குறைவு. வெறும் தண்ணீரில் ஊறவைத்த சால்களும் முளைப்பில் ஒன்றும் மோசமில்லை. இடையில் மழை தள்ளிப்போனபோதுதான் உப்பில் ஊறிய பயிர் வாட்டம் தாங்கி நின்றது. அதற்காகவே காசு கொடுக்கலாம்.

மருந்து பூசிச் சாயமேற்றிய கம்பெனி விதையை ஊறப்போடாதீர்கள், பூச்செல்லாம் கழுவிப்போகும். வீட்டு விதைக்குத்தான் இது. கம்புக்கும் இது வேண்டாம். அதற்குப் பொட்டாசியம் குளோரைடு 2 சதவீதம், 16 மணி நேரம். ஊறவைத்து உலர்த்தியதை அந்தப் பட்டத்திலேயே விதைத்துவிடுங்கள். அடுத்த வருசத்துக்கு வைத்தால் முளைப்பு இறங்கிவிடும்.

ஐந்துக்கு நாலு. 100 கிராம் பொட்டலம் வந்தால் ஐந்து.