வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் ஜாக்கிகளை இறக்கியிருக்கிறார்கள். பார்த்ததும் மனசு கேட்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில். அப்பா கட்டியபோது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே வர வேண்டும். ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது வீடு ஒரு அடி பள்ளத்தில் கிடந்தது. ஹாலில் இடுப்பளவு தண்ணீர். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்குள் எங்கள் தெரு ஏறி முடிந்துவிட்டது.

இடித்துக் கட்ட வசதியில்லை. 2022-ல் மூன்று அடி தூக்க ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்தோம். சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சுதான், எதையும் எழுதி வாங்கவில்லை.

தூக்கின வேலையில் குறை சொல்ல மாட்டேன். சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்புச் சேனல் கொடுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, மேஸ்திரி குரல் கொடுக்க எல்லோரும் ஒன்றாகத் திருகினார்கள். அப்புறம்தான் ஆரம்பித்தது. சுவர்தான் மேலே போகும், தரை பழைய இடத்திலேயே கிடக்கும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மண் நிரப்புவது, டைல்ஸ், குழாய், வாசற்படி எல்லாமே “அது தனி சார்” என்றார் காண்ட்ராக்டர். வீடு ஜாக்கியில் நிற்கும்போது யாரோடு சண்டை போடுவது? பேசிய தொகையைப் போல இன்னொரு மடங்கு போனது. மண்ணையும் தண்ணீர் விட்டு இறுக்கவில்லை. ஆறே மாதத்தில் சமையலறைத் தரை இறங்கி, சுவரோரம் விரல் நுழையும் அளவு இடைவெளி. போன் செய்தால் எடுப்பதில்லை.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தண்ணீர் இரண்டாம் படியோடு நின்றது. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் சம்ப்பின், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின், வாயை அவர்கள் உயர்த்தவே இல்லை. சாக்கடைத் தண்ணீர் நேராக அதற்குள் இறங்கியது. எழுபத்திரண்டு வயது அப்பா முழங்கால் தண்ணீரில் நடந்து போய் கேன் தூக்கி வந்தார்.

தூக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அஸ்திவாரமும் அதன் மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் பிளிந்த் பீமும் தாங்குமா என்று நீங்களே ஒரு இன்ஜினியரை வைத்துப் பாருங்கள், காண்ட்ராக்டர் கூட்டி வருகிறவர் வேண்டாம். மண், தரை, குழாய், செப்டிக் டேங்க், சம்ப், மாடிப்படி ஒவ்வொன்றும் ரேட்டில் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை கொடுக்காதீர்கள்.