முற்றத்துச் சரிவுக்கு எந்தப் புல்: வெட்டிவேரா, மானாவா, பம்பாஸா?

எங்கள் வீடு பண்டாரவளைப் பக்கம், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில். அக்கா இருப்பது நுவரெலியாவில், 1,868 மீட்டரில். இரண்டு வீட்டுக்கும் ஒரே தலைவலி: முற்றத்தின் ஓரம் சரிவு. மழை பிடித்தால் மண் கரைந்து வடிகால் கானுக்குள் இறங்கும். பூச்செடி வைத்தால் அதுவும் கூடவே இறங்கும். குத்துப் புல் நடலாம் என்றேன். "மாட்டுக்கு அறுக்கிற புல்லைக் காசு குடுத்து வாசல்ல வைக்கப் போறியா தம்பி?" என்று அக்கா சிரித்தார்.

குத்துப் புல் என்றால் இருந்த இடத்திலேயே பருத்து நிற்பது. இலுக் புல் மாதிரி மண்ணுக்கடியில் ஓடிப்போய்ப் பக்கத்துப் பாத்தியில் தலைகாட்டாது.

சரிவைப் பிடிப்பதில் வெட்டிவேருக்கு ஈடில்லை. அதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேரே கீழே போகும். மண் இடம் கொடுத்தால் 3 மீட்டரையும் தாண்டும். அதனால் பக்கத்தில் ரோஜா இருந்தாலும் பெரிய சண்டை வராது. நடுவதற்கு உகந்த ரகம் முளைக்கும் விதை வைக்காது. குத்தைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். பரவிவிடுமோ என்ற பயம் வேண்டாம். வேலி மாதிரி அடைத்து நிற்க வேண்டுமென்றால் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் நட வேண்டும். நான் முதலில் மேலிருந்து கீழாக நட்டேன். தண்ணீர் அந்த வரிசையை ஒட்டியே வாய்க்கால் வெட்டிக்கொண்டு போனது. இன்னொரு தவறு, சவுக்கு மர நிழலில் நட்டது. வெயிலில் நின்றவை ஆளுயரம் வந்தபோது நிழலில் நின்றவை முழங்காலைத் தாண்டவில்லை. வேர் வாசமாக இருக்கிறதே என்று தோண்டி விற்கப் பார்க்காதீர்கள். பிடித்திருந்த மண்ணை நாமே இளக்கிவிட்ட கணக்காகும்.

மானா எங்களுக்குப் பழைய சொந்தம். தேயிலையைப் பிடுங்கி மறுபடி நடுமுன், ஒன்றரை இரண்டு வருடம் மண் தேற மானாவோ குவாத்தமாலா புல்லோ வளர்ப்பதைத் தோட்டத்தில் எல்லாரும் பார்த்திருப்போம். ஊவாவின் பத்தனை எனும் புல்வெளி மலைகளில் அது தானாகவே நிற்கிறது. காசு செலவில்லை, வறட்சி தாங்கும், கசக்கினால் சித்திரனெல்லா எண்ணெய் வாசம் வரும். ஆனால் அந்த எண்ணெய்தான் வில்லங்கமும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை இங்கே காற்றும் வறட்சியும். காய்ந்த மானாவுக்கு ஒரு பீடித் துண்டு போதும், மலையே பற்றும். சுவரை ஒட்டி வைக்க நான் துணிய மாட்டேன். விதையும் உதிர்க்கும்.

அக்காவுக்குப் பிடித்தது பம்பாஸ். வெள்ளைக் குஞ்சம் போலப் பூ. அழகில் மற்ற இரண்டும் அதன் கிட்ட நிற்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். குளிரும் தாங்கும். ஆனால் இலை ஓரம் வாள் பல். பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்துக்கு ஆகாது. காற்றில் பறக்கும் விதையால் ஊரைப் பிடித்துக்கொள்கிறது என்று நியூசிலாந்தில் அதை விற்கவே தடை. நுவரெலியாக் காற்றில் அது எங்கே போய் விழும் என்று யார் கண்டது? அழகுதான் வேண்டுமென்றால் கருஞ்சிவப்பு நீரூற்றுப் புல் நல்லது, பெரும்பாலும் விதை வைக்காது. உறைபனி பட்டால் கருகும் என்பதால் அது பண்டாரவளைக்கு, அக்காவுக்கு அல்ல. சேரை (எலுமிச்சைப் புல்) கறிக்கு ஆகும், சரிவுக்கு ஆகாது.

ஹோர்ட்டன் சமவெளியில் மான்கள் மேயும் குத்துப் புல் வெட்டிவேருக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இரண்டும் ஒரே பேரினம். அழகாயிருக்கிறதென்று கை வைக்க முடியாது, 1988 முதல் அது தேசியப் பூங்கா.

பராமரிப்பில் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். முதல் சில மாதம் தண்ணீர் விட வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் தண்டு இளகிச் சாய்ந்துவிடும். வருடம் ஒருமுறை, மழைக்கு முன், குத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கவாத்துக் கத்தியால் முழங்கால் உயரத்தில் வெட்டினால் சருகு முற்றமெல்லாம் சிதறாது. அடியில் சருகு சேராமல் இருந்தால் பாம்புப் பயமும் குறையும். வெட்டிவேர் அல்லாத குத்துகளில் சில வருடத்தில் நடு செத்துப்போகலாம். அப்போது அவற்றைத் தோண்டிப் பிரித்து ஓரத்துத் தண்டுகளை மட்டும் திரும்ப நடுங்கள்.

நுவரெலியாவில் மட்டும் ஒரு வித்தியாசம். ஜனவரி, பெப்ரவரி உறைபனியில் வெட்டிவேரின் தலை பொசுங்கும், அடி சாகாது. பொசுங்கியதைப் பார்த்து உடனே வெட்டாமல் பனி விலகும்வரை விட வேண்டும், அந்தச் சருகே அடிக்குப் போர்வை. அக்கா கடைசியில் சரிவுக்கு வெட்டிவேரையே வைத்தார். பம்பாஸ் ஒன்றும் வாசலில் நிற்கிறது. பூ விரியுமுன் குஞ்சத்தை வெட்டிச் சாடியில் வைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.