அமெரிக்க பாடகர் டவுன்ஸ் வான் ஜாண்ட்டோட ஓல்டு குவார்ட்டர் லைவ் ஆல்பம், ராத்திரி ஹெட்போன்ல கேளுங்க

1973 ஜூலைல ஹூஸ்டன்ல ஓல்டு குவார்ட்டர்ங்கற சின்ன பார்ல ரெக்கார்ட் பண்ணது, டபுள் ஆல்பமா வெளிய வந்தது என்னவோ 1977ல தான். ஒரு ஆளு ஒரு கிடார், அவ்ளோதான். 1968ல வந்த முதல் ஆல்பத்துல பாட்டை சுத்தி ஏகப்பட்ட வாத்தியத்த அடுக்கி வச்சிருப்பாங்க, அதுல சில பாட்ட அவரே அப்புறம் எளிமையா திரும்ப பண்ணாரு, இங்க அந்த சுமை எதுவுமே இல்ல, கட்டைவிரல் பேஸ் கம்பிய விடாம தட்டிட்டே இருக்க மத்த விரல் மேல மெட்ட பின்னுது, விரல் நகரும்போது கம்பி கீச்சுனு சத்தம் போடறது கூட காதுக்குள்ள விழுது. எங்கயோ ஒரு கண்ணாடி பாட்டில் டிங்குனு இடிக்குது. 'பான்ச்சோ அண்ட் லெஃப்டி' பாட்டு ஆரம்பிச்சதும் கூட்டம் அப்படியே அடங்கிடும் பாருங்க, அந்த அமைதிக்காகவே திரும்ப திரும்ப போடறேன். கன்ட்ரி பாடகர்கள் வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகார்டும் 1983ல இந்தப் பாட்ட பெரிய ஹிட் ஆக்குனாங்க, அதுவும் நல்லாதான் இருக்கும், ஆனா எனக்கு இந்த லைவ்தான். நடுவுல அவர் சொல்ற ஜோக்கெல்லாம் ரெண்டாவது தடவை கேக்கறப்ப தள்ளி விட்டுடலாம். மொத்தம் ஒன்றரை மணி நேரம், ஒரே மூச்சுல வேணாம், நாலு நாலு பாட்டா கேளுங்க.